புதுப் பிஸ்டல் ரவுண்டை ஏற்ற மறுத்தால்

கலெக்டர் ஆபீஸுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் மாதக்கணக்கில் நடந்து லைசென்ஸ் வாங்கி, பணம் கட்டி எடுத்த புது .32 பிஸ்டல், சுடுபயிற்சி ரேஞ்சில் மூன்றாவது ரவுண்டிலேயே, அதாவது மூன்றாவது தோட்டாவிலேயே சிக்கிக்கொண்டு நின்றால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். ஆயுதப்படையில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பராமரிக்கிற ஆளாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பாபநாசம் பக்கத்தில் ஊர். கும்பகோணம், மன்னார்குடி, திருவையாறு வட்டாரத்தில் லைசென்ஸ் வைத்திருக்கிற ரைஸ் மில்காரர்கள், நகைக்கடைக்காரர்கள், பழைய மிராசு குடும்பத்தார் இந்த விஷயத்தைக் கேட்டு வருவார்கள். எல்லாருக்கும் நான் முதலில் சொல்வது, அரத்தையும் உப்புத்தாளையும் தள்ளி வையுங்கள் என்பதுதான். புதுப் பிஸ்டலில் ரவுண்டு ஒழுங்காக ஏறாததற்குக் காரணம் பெரும்பாலும் மேகசின் (ரவுண்டுகளை நிரப்பிப் பிடிக்குள் சொருகுகிற பெட்டி), தோட்டா, எண்ணெய், பிடிக்கிற கை இந்த நான்குக்குள் இருக்கும். நான்கையும் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்த பிறகு பிஸ்டல் மேல் சந்தேகப்படலாம்.

சட்ட விஷயம் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். துப்பாக்கியைப் பழுதுபார்க்க 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி தனி லைசென்ஸ் வேண்டும். உங்களிடம் இருப்பது வைத்துக்கொள்ளும் லைசென்ஸ். ஆகவே துடைப்பது, எண்ணெய் போடுவது, கவனித்துக் குறிப்பது உங்கள் வேலை. உலோகத்தைத் தேய்ப்பது, வளைப்பது, ஸ்பிரிங்கை வெட்டுவது லைசென்ஸ் உள்ள கடைக்காரர் வேலை. நானும் ஓய்வு பெற்றபின் கையால் எதையும் மாற்றித் தருவதில்லை, பார்த்துச் சொல்வதோடு சரி. சுட்டுப் பார்ப்பதும் ரேஞ்சில் மட்டும்தான். தென்னந்தோப்பில், வாய்க்கால் கரையில், கொள்ளிடம் மணலில் “ஒரே ஒரு ரவுண்டு” என்று யாரும் போகவேண்டாம். திருச்சி ரைஃபிள் கிளப் மாதிரி இடத்தில் உங்கள் பிஸ்டலைச் சுட அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள்.

ரவுண்டு எப்படி ஏறுகிறது என்பது கண்ணில் படிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. சுட்டதும் ஸ்லைடு, அதாவது பிஸ்டலின் மேலே முன்பின் ஓடுகிற பாகம், பின்னால் போகிறது, காலிக்கூட்டை இழுத்து வெளியே எறிகிறது. அந்த நேரத்துக்குள் மேகசின் ஸ்பிரிங் அடுத்த ரவுண்டை மேலே தள்ளி, மேகசினின் இரண்டு உதடுகளுக்குக் கீழே நிறுத்திவிட வேண்டும். ஸ்லைடு முன்னால் வரும்போது அதன் முகம் ரவுண்டின் பின்விளிம்பைத் தள்ளுகிறது. குண்டு நுனி ராம்ப் என்கிற சரிவில் ஏறி, பேரலின் பின்முனையில் ரவுண்டு உட்காரும் அறையான சேம்பருக்குள் நுழைகிறது. அதே சமயம் ரவுண்டின் விளிம்பு ஸ்லைடு முகத்தில் கீழிருந்து மேலே வழுக்கி, காலிக்கூட்டை இழுக்கிற எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்குள் போய் உட்காருகிறது. கடைசியில் ஸ்லைடு முழுக்க மூடுகிறது. எங்கே நின்றது என்று பார்த்தாலே யார் மேல் குற்றம் என்பது ஏறக்குறைய தெரிந்துவிடும். அதனால்தான் சிக்கினவுடனே படபடவென்று ஸ்லைடை இழுத்து எல்லாவற்றையும் கலைத்துவிடாதீர்கள் என்கிறேன். பேரல் இலக்குக்குப் பின்னால் உள்ள மண்மேட்டை நோக்கியே இருக்கட்டும், விரல் டிரிகர் கார்டுக்கு வெளியே இருக்கட்டும், இரண்டு நொடி உற்றுப் பாருங்கள்.

எடுக்கும் முறையிலும் வரிசை மாறக்கூடாது. முதலில் மேகசினை இறக்க வேண்டும். பிறகுதான் ஸ்லைடை இழுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் மேகசினிலிருந்து இன்னொரு ரவுண்டு சேம்பருக்குப் போய்விடும், நீங்கள் காலி என்று நினைத்திருப்பீர்கள். இழுத்தபிறகு சேம்பரைக் கண்ணாலும் சுண்டுவிரலாலும் பாருங்கள். இரண்டு ரவுண்டு ஒன்றன்பின் ஒன்றாக முட்டிக்கொண்டு மேகசின் இறங்காமல் இருந்தால், ஸ்லைடைப் பின்னால் நிறுத்திக்கொண்டு மேகசினைப் பிடித்து இழுத்து எடுத்தபின், ஸ்லைடை இரண்டு மூன்று முறை இழுத்துக் காலி செய்யுங்கள். டிரிகரை அழுத்தியும் வெடிக்காவிட்டால் பேரலை இலக்கை விட்டுத் திருப்பாமல் முப்பது நொடி காத்திருங்கள். தாமதமாக வெடிக்கிற ரவுண்டும் உண்டு.

இன்னொன்று இருக்கிறது, இதற்கு நான் குரலை உயர்த்திக்கூடச் சொல்வேன். வழக்கமான சத்தம் இல்லாமல் “புஸ்” என்று மந்தமாகக் கேட்டு ஸ்லைடு அரைகுறையாக நின்றால் அது ரவுண்டு ஏறாத கோளாறு கிடையாது. குண்டு பேரலுக்குள்ளேயே தங்கியிருக்கலாம். அடுத்த ரவுண்டை ஏற்றிச் சுட்டால் பேரல் வெடிக்கும், கை போகும். அங்கேயே நிறுத்திக் காலி செய்து, பேரலைக் கழற்றி வெளிச்சத்தில் பார்க்காமல் அன்றைக்கு ஒரு ரவுண்டும் சுடாதீர்கள்.

இனி காரணங்களுக்கு வருகிறேன். மேகசினைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேகசின் சரியாக உட்காராததுதான் நான் அதிகம் பார்த்த கோளாறு. புது மேகசினில் ஸ்பிரிங் கெட்டி. முழுக்க ரவுண்டு நிரப்பி, ஸ்லைடு மூடிய நிலையில் சொருகினால், மேல் ரவுண்டு ஸ்லைடின் அடிப்பக்கத்தில் முட்டிக்கொண்டு மேகசின் ஒரு நூல் கீழேயே நின்றுவிடும். பார்வைக்கு உட்கார்ந்த மாதிரி இருக்கும். இழுத்துவிட்டால் ஸ்லைடு ரவுண்டைத் தாண்டிப் போய்க் காலி சேம்பரில் மூடும், அல்லது நுனி ராம்ப்பில் குத்தி நிற்கும். உள்ளங்கையால் அடியில் ஒரு தட்டுத் தட்டி, பிறகு கீழ்நோக்கி இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் பூட்டவில்லை. ஒரு ரவுண்டு குறைத்து நிரப்பிப் பாருங்கள். அப்போது சரியாக ஓடினால் புது ஸ்பிரிங்கின் கெட்டித்தனம்தான் காரணம். நாளாக நாளாகத் தளரும்.

மேகசினுக்குள் எத்தனையாவது ரவுண்டு சிக்குகிறது என்பதைக் குறித்து வையுங்கள். எப்போதும் முதல் ரவுண்டு என்றால் மேலே சொன்ன கெட்டி ஸ்பிரிங், அல்லது நீங்கள் ஸ்லைடை விடுகிற விதம். எப்போதும் கடைசி ஒன்றிரண்டு என்றால் ஸ்பிரிங் வலுவில்லை, அல்லது அதன் மேலே ரவுண்டைத் தாங்குகிற தகடு உள்ளே சாய்ந்து உரசுகிறது. புதுப் பிஸ்டலோடு இரண்டு மேகசின் இருந்தால் அடியில் பெயிண்ட் பேனாவால் 1, 2 என்று எழுதிவிடுங்கள். ஒன்றில் மட்டும் சிக்கி மற்றதில் ஓடினால் பிஸ்டல் மேல் பழி போடத் தேவையில்லை, அந்த மேகசினை மாற்றித் தரச்சொல்லிக் கேட்கலாம். உதடுகள் இரண்டும் ஒரே அளவில் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கீழே சிமெண்ட் தரையில் விழுந்த மேகசினில் ஒரு உதடு அகன்றிருக்கும், ரவுண்டு நுனி தூக்கிக்கொண்டு சேம்பரின் மேல் விளிம்பில் இடிக்கும். இடுக்கியால் நீங்களே நெருக்காதீர்கள். நெருக்கின மேகசின் நம்பிக்கைக்கு உரியதாக மறுபடி ஆனதை நான் கண்டதில்லை.

.32-க்கு மட்டும் உள்ள ஒரு தொந்தரவும் உண்டு. காவல்துறையில் நாங்கள் புழங்கிய 9 மி.மீ. பிஸ்டல் ரவுண்டுக்கு விளிம்பு உடம்போடு சமமாக இருக்கும். 9 மி.மீ. பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட அளவு. அதனால் நம் ஊரில் லைசென்ஸ்காரர் கையில் இருப்பது .32, அதாவது 7.65 மி.மீ. 1899 வாக்கில் ஜான் பிரவுனிங் வடிவமைத்த ரவுண்டு அது. அதன் விளிம்பு உடம்பைவிட விட்டத்தில் அரை மில்லிமீட்டர் போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நிரப்பும்போது மேல் ரவுண்டின் விளிம்பு கீழ் ரவுண்டின் விளிம்புக்கு முன்னால் நிற்க வேண்டும். பின்னால் போய் மாட்டிக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பூட்டிக்கொள்ளும். ஸ்லைடு முட்டி நிற்கும், எவ்வளவு தட்டினாலும் இழுத்தாலும் தீராது. மேகசினை இறக்கி, அடித்தகடு கழற்றும் வகையாக இருந்தால் ஸ்பிரிங் தெறிக்காதபடி கட்டைவிரலால் பொத்திக்கொண்டு கீழ்வழியாக ரவுண்டுகளை எடுத்துவிடுங்கள். இது வராமல் இருக்க, நிரப்பும்போது ஒவ்வொரு ரவுண்டையும் நன்றாகப் பின்சுவரோடு ஒட்டத் தள்ளுங்கள், நிரப்பின மேகசினைக் குலுக்காதீர்கள், மேகசின் எந்த நீள ரவுண்டுக்கு அமைந்ததோ அதைவிடக் குட்டையான ரவுண்டைப் போடாதீர்கள். முழுப்பூச்சுக் குண்டு உள்ள .32 ரவுண்டின் மொத்த நீளம் சுமார் 25 மி.மீ. குழிமுனைக் குண்டு பெரும்பாலும் அதைவிடக் குட்டை. குட்டையானால் மேகசினுக்குள் முன்பின் நகர இடம் கிடைக்கும், அந்த இடத்தில்தான் விளிம்பு தாண்டும்.

தோட்டா விஷயத்தில் நம் டெல்டாவின் ஈரக்காற்று பெரிய எதிரி. லைசென்ஸில் இத்தனை ரவுண்டுதான் என்று எழுதியிருப்பதால் ஆட்கள் அதைச் சிக்கனமாக வைத்திருப்பார்கள். பீரோவில், பத்தாயத்துப் பக்கத்து அலமாரியில், தோல் உறையின் கண்ணிகளில் வருஷக்கணக்காகக் கிடக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் சுவரே நனைந்து ஊறுகிற வீடுகள் நமது. வேதாரண்யம், கோடியக்கரை பக்கமானால் உப்புக்காற்றும் சேரும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு அந்தப் பக்கத்து வீடுகளிலிருந்து வந்த ரவுண்டுகளில் பச்சைக் களிம்பு படிந்திருந்ததைப் பார்த்தேன். பித்தளையில் களிம்பு ஏறினால் அந்தத் தடிமன் சேம்பரில் இடிக்கும், ஸ்லைடு மூடுவதற்கு ஒரு நூல் முன்னால் நிற்கும். தோலைப் பதப்படுத்துகிற ரசாயனம் பித்தளையைத் தின்னும்; ஆகவே தோல் உறையில் ரவுண்டைச் சேமிக்கவே கூடாது.

ஒவ்வொரு ரவுண்டையும் மேஜையில் உருட்டிப் பாருங்கள். நெளிந்தது, பள்ளம் விழுந்தது, கேப்பு (ரவுண்டின் அடியில், அடிபட்டதும் தீப்பற்றுகிற சின்ன மூடி) மேலே எழும்பியது, குண்டு உள்ளே அமுங்கியது எல்லாவற்றையும் தனியே வையுங்கள். பிறகு பிஸ்டலைக் காலி செய்து கழற்றி, பேரலை மட்டும் எடுத்துக்கொண்டு (பேரல் பிஸ்டலின் ஃபிரேமோடு ஒட்டியிருக்கிற வகையானால் ஸ்லைடை எடுத்துவிட்டு) வாயைக் கீழே பார்க்கப் பிடித்து, ரவுண்டைச் சேம்பரில் விடுங்கள். நல்ல ரவுண்டு “டக்” என்று தன் எடையில் இறங்கும், கவிழ்த்தால் தானே விழும். விரலால் அழுத்த வேண்டியிருந்தால் அந்த ரவுண்டு வேண்டாம். எல்லா ரவுண்டும் அப்படியே நின்றால் சேம்பரில் கசடு, அல்லது சேம்பரே இறுக்கம்.

ராத்திரி லோடு செய்து, காலையில் இறக்கி, மறுநாள் அதே ரவுண்டை மறுபடி மேலே வைக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. ஒவ்வொரு தடவையும் அந்தக் குண்டு ராம்ப்பில் இடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுக்குள் அமுங்கும். குட்டையானதும் சிக்கும்; அதைவிட மோசம், உள்ளே இடம் குறைவதால் சுடும்போது அழுத்தம் ஏறும். புது ரவுண்டு ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி உயரம் ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்தால் சுடாதீர்கள். குப்பையிலும் ஆற்றிலும் எறியக் கூடாது, வாங்கின கடையில் கேட்டு, கணக்கோடு ஒப்படையுங்கள்.

எண்ணெய்க்கு வருகிறேன். பெட்டியிலிருந்து எடுத்த புதுப் பிஸ்டலில் பூசியிருப்பது துருப்பிடிக்காமல் இருக்கப் போட்ட கெட்டிப் பூச்சு. அதை அப்படியே வைத்துக்கொண்டு சுட்டால் ஸ்லைடு முகத்தில் அந்த மெழுகு அப்பி, ரவுண்டின் விளிம்பு மேலே வழுக்க முடியாமல் நின்றுவிடும். எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடியிலும் அது அடைத்திருக்கும். ஆகவே முதல் சுடுதலுக்கு முன்பே முழுக்கக் கழற்றித் துடைத்துவிட வேண்டும். சேம்பரும் ராம்ப்பும் மேகசினின் உட்புறமும் காய்ந்திருக்க வேண்டும். ஸ்லைடு ஓடுகிற காடிகளில் மட்டும் துப்பாக்கி எண்ணெய் துளி துளியாக. ரவுண்டுகள் மேல் எண்ணெய் படக்கூடாது, கேப்புக்குள் இறங்கினால் வெடிக்காது.

பல வீடுகளில் தேங்காய் எண்ணெய் போடுகிறார்கள். வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். மார்கழி விடியலில் குளியலறைப் பாட்டிலில் வெள்ளையாக நிற்பதைப் பார்க்கிறோமே, அதேதான் ஸ்லைடு காடியிலும் நடக்கும். நல்லெண்ணெய் உறையாது, ஆனால் காற்றுப்பட்டு நாளடைவில் பிசினாகும். துப்பாக்கி எண்ணெய் கைவசம் இல்லாத நேரத்தில் தையல் மெஷின் எண்ணெய் பாதகமில்லை.

ரைஸ் மில் வைத்திருக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அம்மாபேட்டை பக்கத்து மில் முதலாளி ஒருவர் பிஸ்டலை எடுத்து வந்து மேஜையில் வைத்தார். “ஏட்டய்யா, புதுசுதான், ஆனா நாலு ரவுண்டுக்கு ஒண்ணு மாட்டுது. கம்பெனிக்கே அனுப்பிடட்டுமா?”

“எங்க வச்சிருக்கீங்க முதலாளி?”

“மில் ஆபீஸ் டிராயர்லதான். கலெக்‌ஷன் காசு அங்கதானே இருக்கும்.”

மேகசினைக் கழற்றிக் காகிதத்தின் மேல் தட்டினேன். தவிடு கொட்டியது. தவிட்டுக்கே எண்ணெய்ப் பசை உண்டு, அதோடு அவர் பூசிய எண்ணெயும் சேர்ந்து மேகசின் சுவரில் பசையாகப் பிடித்து, தகடு ஏறும் வேகத்தையே குறைத்திருந்தது. ஸ்லைடு வருகிற நேரத்துக்கு ரவுண்டு மேலே வந்து சேரவில்லை. வேறு கோளாறு ஒன்றும் அதில் இல்லை. துடைத்துக் காய வைத்து, அதற்குப் பிறகு மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுப் பூட்டி வைக்கச் சொன்னேன். சம்பா அறுப்புக் காலத்தில் களத்துப் பக்கம் வீடு உள்ளவர்களும் மாதம் ஒருமுறை மேகசினைத் திறந்து பார்ப்பது நல்லது. ஃபிளானல் துணியைத் துண்டாக வெட்டி மூங்கில் குச்சியில் சுற்றித் துடைத்தால் போதும்.

கடைசியாகக் கை. நம்மிடம் பிஸ்டல் வாங்குகிறவர்களில் அறுபது தாண்டியவர்கள் நிறையப் பேர். இந்தச் சின்ன பிஸ்டல்களில் ஸ்லைடைப் பூட்டி வைக்கிற அமைப்பு பெரும்பாலும் இருக்காது; ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் பலமும்தான் அதைத் தாங்குகின்றன. அதனால் ஸ்பிரிங் கெட்டியாகவே இருக்கும், புதிதில் இன்னும் கெட்டி. பெரியவர்கள் சிரமப்பட்டு இழுத்து, பயந்து, கையோடு மெதுவாகக் கொண்டுபோய் மூடுவார்கள். அந்த மெதுவான மூடலில் முதல் ரவுண்டு நிச்சயம் நிற்கும். ஸ்லைடை முழுக்கப் பின்னால் இழுத்து, பட்டென்று விட்டுவிட வேண்டும். பலம் போதவில்லையென்றால் இடது கையை ஸ்லைடின் மேல் கவித்துப் பிடித்து நிறுத்திக்கொண்டு, வலது கையால் பிடியை முன்னால் தள்ளுங்கள். இழுப்பதைவிடத் தள்ளுவது எளிது. பேரல் அப்போதும் அந்த மண்மேட்டையே பார்க்க வேண்டும், இடது கை பேரல் வாய்க்கு முன்னால் வரவே கூடாது. மருந்து இல்லாத டம்மி ரவுண்டு வாங்கி வீட்டில் பழகுங்கள், அந்த அறையில் ஒரு நிஜ ரவுண்டுகூட இருக்கக் கூடாது.

சுடும்போது மணிக்கட்டு தளர்ந்தால் பிஸ்டலே பின்னால் வந்துவிடும், ஸ்லைடு முழுத் தூரம் போகாது, அடுத்த ரவுண்டை எடுக்காமல் மூடும் அல்லது காலிக்கூடு, அது வெளியேறுகிற ஸ்லைடு ஜன்னலில் நட்டுக்கொண்டு நிற்கும். கட்டைவிரல் ஸ்லைடில் உரசினாலும் இதே கதைதான். அதே பிஸ்டல், அதே மேகசின், அதே ரவுண்டை ரேஞ்சில் இருக்கிற பழகின ஆள் ஒருவர் மேற்பார்வையில் சுட்டுப் பார்க்கட்டும். அவர் கையில் ஓடினால் உங்கள் பிடியைத் திருத்த வேண்டும்.

ஸ்லைடு ஒரு நூல் மூடாமல் நிற்கும்போது உள்ளங்கையால் பின்னாலிருந்து அறைகிற பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். ஏன் நின்றது என்று தெரியாமல் ரவுண்டை அடித்துத் திணிப்பது அது. இறக்கி, அந்த ரவுண்டை எடுத்துப் பாருங்கள்: கூட்டில் கீறல் எந்த இடத்தில், குண்டு நுனியில் தழும்பு மேலா கீழா. கீழே தழும்பு என்றால் ராம்ப், மேலே என்றால் சேம்பர் கூரை. மேகசின் மாற்றியும், ரவுண்டு மாற்றியும், துடைத்த பிறகும், வேறு கையிலும் தழும்பு அதே இடத்தில் விழுந்தால் அது தொழிற்சாலைப் பிசிறாக இருக்கலாம், எக்ஸ்ட்ராக்டர் இறுக்கமாக இருக்கலாம். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது என்று கடைசிவரை தெரியாது, நம்மிடம் வீணாக்க ரவுண்டும் இல்லை.

வெளிநாட்டில் இருநூறு ரவுண்டு சுட்டால் புதுப் பிஸ்டல் பழகிவிடும் என்பார்கள். நம் லைசென்ஸ் கணக்கில் அது நடக்கிற காரியம் இல்லை. டம்மி ரவுண்டோடு கையால் பலமுறை ஏற்றி இறக்கினாலே காடிகளும் ஸ்பிரிங்கும் ஓரளவு வழிக்கு வரும். அதற்குப் பின்னும், நல்ல ரவுண்டில், சுத்தமான மேகசினில் ஒரு பெட்டிக்குள் இரண்டு மூன்று தடவை அதே இடத்தில் நின்றால் தயங்காமல் கடைக்குக் கொண்டுபோங்கள். ராம்ப்பை மினுக்கினால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள். அதன் கோணம் மாறினால், சேம்பரின் கீழ் விளிம்பு தேய்ந்தால், கூட்டுக்கு அடியில் தாங்கல் போய்விடும். போன உலோகத்தைத் திருப்பி வைக்க யாராலும் முடியாது, வாரண்டியும் போகும்.

கடைக்குப் போகும்போது பிஸ்டலைக் காலி செய்து, மேகசின் தனியாக, பெட்டியில் வைத்து, அசல் லைசென்ஸோடு எடுத்துப்போங்கள். எல்லா மேகசின்களையும் கொண்டுபோக வேண்டும், சிக்குகிற ஒன்றை மட்டும் கொண்டுபோனால் அவரால் ஒப்பிட முடியாது. சிக்கிய ரவுண்டுகளைத் தனிப் பொட்டலத்தில் போட்டு, எந்த மேகசின், எத்தனையாவது ரவுண்டு, எந்த நிலையில் நின்றது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். போனில் எடுத்த படம் இருந்தால் அதையும் காட்டுங்கள். பிஸ்டலை அங்கே விட்டுவிட்டு வருவதாக இருந்தால் அதன் நம்பரும் தேதியும் எழுதிய ரசீது வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.